படகின் அலுமினிய டீசல் டேங்க் அடியில் வரிசையாக ஓட்டை: புதியதை எப்படிக் காப்பாற்றுவது?

சிப்காட் பட்டறை:
வணக்கம். ராணிப்பேட்டையில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம் இரண்டிலும் டிக் வெல்டிங் வேலை. தோல் ஷெட்டுகளுக்கு டேங்க், ட்ரே, ஹாப்பர் என்று ஓடுகிறது பிழைப்பு. படகு வேலை எனக்குப் புதிது.

புதுச்சேரியில் என் மச்சான் ஸ்கூபா டைவிங் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் ஃபைபர் படகு ஓட்டுகிறார். டீசல் எஞ்சின், டெக்குக்கு அடியில் 200 லிட்டர் அலுமினிய டேங்க். படகின் அடிக்குழியில் டீசல் வாடை வந்ததும் டெக்கை அறுத்து டேங்கை வெளியே எடுத்து, வேனில் போட்டு எனக்கு அனுப்பிவிட்டார்.

3 மி.மீ தகடு. பக்கவாட்டில் சேதம் ஒன்றும் இல்லை. டேங்குக்கு அடியில் குறுக்காக ரப்பர் பட்டைகள் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஓட்டைகள் எல்லாம் அந்தப் பட்டைகள் இருந்த கோட்டிலேயே வரிசையாக விழுந்திருக்கின்றன. சுரண்டினால் வெள்ளைப் பொடி கொட்டுகிறது, ஈரம் இருந்த இடத்தில் வெள்ளைக் களிம்பாக வழிகிறது. ரப்பர் படாத இடத்தில் கனம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன், தகடு முழுக் கனத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு மூலையில் மட்டும் கறுப்புச் சேறு, அதன் அடியில் ஊசிக்குத்து மாதிரி குழிகள்.

பழையதை ஒட்டுப்போடும் எண்ணம் இல்லை, புதிதாகச் செய்யப்போகிறேன். 4 மி.மீ தகட்டில் செய்து இரண்டு கோட் பெயிண்ட் அடித்தால் போதுமா? ரப்பருக்குப் பதில் அடியில் என்ன வைப்பது?

கோட்டை மேட்டுக்காரன்:
வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய பட்டியலில் 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று ஒன்று வரும். அந்த ஊர்க்காரர்கள் படகு டேங்குக்கு இழை திறந்திருக்கிறோம். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவன் என்பதால் கிண்டலை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். தகட்டைக் காப்பாற்றத்தானே ரப்பர் வைத்தார்கள்? ரப்பர் இருந்த இடத்திலேயே ஓட்டை விழுந்தால் என்ன கணக்கு?

காட்பாடி சீமேன்:
கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறைத் தம்பி சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் கெட்டி. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் அந்த நொடியே மூடிக்கொள்ளும். அதனால்தான் பெயிண்டே அடிக்காத அலுமினியப் படகுகள் கடலில் வருடக்கணக்கில் ஓடுகின்றன.

ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். ஏறியது திரும்ப இறங்காது. அந்த இடுக்கில் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும், புதிதாக உள்ளே வர வழி கிடையாது. படலம் உடைந்தால் மறுபடி வளராது. வெளியே காற்றுப் படும் தகடு கேத்தோடு (அரிக்காத முனை), இடுக்குக்குள் இருப்பது ஆனோடு (அரிபடும் முனை). ஒரே தகட்டிலேயே ஒரு பேட்டரி உருவாகிவிடுகிறது. உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும், அங்கிருக்கும் தண்ணீர் அமிலமாகும். பி.எச். 4 முதல் 8.5 வரைதான் அந்தப் படலம் தாங்கும், அதற்குக் கீழே கரைந்துவிடும். பெரிய பரப்பில் பரவ வேண்டிய அரிப்பு ஒரு புள்ளியில் குவிகிறது. 3 மி.மீ என்ன, 6 மி.மீ போட்டாலும் ஓட்டை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

ரப்பர்தான் என்றில்லை. ஈரம் பிடித்த கார்ப்பெட், பிளைவுட், தளர்ந்த ஃபோம் எல்லாமே இதைச் செய்யும். செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம் இன்னும் மோசம், செம்பு கசிந்து வந்து தகட்டைத் தின்னும். கறுப்பு ரப்பரில் கரி கலந்திருப்பதால் சில ரகங்கள் கொஞ்சம் மின்சாரமும் கடத்தும்.

ஆக, முதல் கேள்வி பெயிண்ட் அல்ல. தண்ணீர் டேங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இடம் எங்கெங்கே இருக்கிறது என்பதுதான்.

சிப்காட் பட்டறை:
சார், அப்படியானால் டேங்க் எதன் மேலாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? தொடாமல் எப்படி?

காட்பாடி சீமேன்:
தொடலாம், இடுக்கு இல்லாமல் தொட வேண்டும். தண்ணீர் உறிஞ்சாத கெட்டி பிளாஸ்டிக் பட்டை வாங்குங்கள், எச்.டி.பி.ஈ. போதும். நியோபிரீன் (செயற்கை ரப்பர்) என்றால் கெட்டியான ரகம். அகலம் தேவையான அளவுதான் இருக்க வேண்டும், அகலம் கூடக் கூட ஆபத்தும் கூடும். பட்டையைச் சும்மா அடியில் செருகாமல், பாலியூரித்தேன் மெரைன் சீலன்ட்டை முழுவதும் தடவி டேங்கோடு ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சீலன்ட் பிதுங்கி வர வேண்டும், அந்தப் பிதுக்கலை விரலால் வழித்துச் சரிவாக்கிவிடுங்கள். தண்ணீர் நுழைய இடமே இருக்காது. எச்.டி.பி.ஈ.யில் சீலன்ட் சுலபமாக ஒட்டாது. மேல்பரப்பை நன்றாகச் சொரசொரப்பாக்கி, துண்டில் ஒட்டி இழுத்துப் பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள். நியோபிரீன் அந்த விஷயத்தில் பரவாயில்லை.

பட்டை குறைந்தது 6 மி.மீ உயரம் இருக்கட்டும், அடியில் காற்று ஓட வேண்டும். பட்டைகள் படகின் குறுக்கே போனால், தண்ணீர் பட்டைக்குப் பட்டை தேங்கி நிற்காமல் அடிக்குழிக்கு ஓட வழி விடுங்கள்.

மேல்பக்கத்தையும் மறக்காதீர்கள். டெக் மூடி கசிந்து டேங்க் தலையில் நிற்கும் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்யும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் பெட்ரோல் படகு விதிகளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: படகு மிதந்து நிற்கும்போது உலோக டேங்கின் மேல்பரப்பில் தண்ணீர் தங்கக் கூடாது. டேங்கைத் தாங்கும் பட்டையும் கட்டும் பட்டையும் உராயாத, ஈரம் உறிஞ்சாத பொருளால் பிரிக்கப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. உங்களுடையது டீசல், இருந்தாலும் தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வாலாஜா ஸ்டீல்:
இவ்வளவு தலைவலி எதற்கு? எஸ்.எஸ். 316-இல் செய்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் டேங்க். அரிப்பு என்ற பேச்சே இருக்காது.

காட்பாடி சீமேன்:
பிளாஸ்டிக்குக்குச் சரி சொல்வேன், டீசலுக்கு நல்ல தேர்வு. ஆனால் எரிபொருள் பட்டதும் பாலிஎத்திலின் கொஞ்சம் ஊதும், அதற்கு இடம் விட்டுப் பொருத்த வேண்டும். படகின் அடி 'வி' வடிவம், அந்த வடிவத்துக்கு ரெடிமேட் டேங்க் கிடைப்பதில்லை. அலுமினியத்தை எல்லாரும் நாடுவது வேண்டிய வடிவத்தில் மடித்து ஒட்டலாம் என்பதால்தான்.

எஸ்.எஸ். விஷயத்தில் மறுக்கிறேன். ஸ்டெயின்லெஸ்ஸும் ஆக்சிஜனை நம்பித்தான் பிழைக்கிறது. உப்புத் தண்ணீர் தேங்கிய இடுக்கில், அதுவும் வெல்டு ஓரத்தில், அதுவும் ஓட்டையாகும். அமெரிக்கப் படகுத் தரவிதிகளில் பெட்ரோலுக்கு எஸ்.எஸ். டேங்கை 20 கேலனுக்குக் குறைவான, குவிமூடி வைத்த உருளைக்கு மட்டும்தான் அனுமதிக்கிறார்கள்.

பாய்லர் வெல்டர்:
ராணிப்பேட்டைக்காரன்தான், பாய்லர் வேலையில் காலம் தள்ளியவன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: டெஸ்டிங்.

நம் பக்கத்துப் பட்டறைகளில் டேங்க் முடிந்ததும் போர் தண்ணீரை நிரப்பி லீக் பார்ப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தோலை ஊறவைத்து விட்ட தண்ணீர் தலைமுறையாக மண்ணில் இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீரை டேங்கில் நிரப்பி, வண்டி வரும்வரை அப்படியே விட்டுவைத்தால் கடலுக்குப் போகும் முன்பே உள்ளே குழி விழ ஆரம்பித்துவிடும். எஸ்.எஸ். வேலையில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்பது) தண்ணீரின் குளோரைடுக்கு வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை.

காற்றில் டெஸ்ட் செய்யுங்கள். சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ பிரஷர் போதும், சோப்புத் தண்ணீர் தடவி வெல்டு முழுக்கப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் தட்டையான பக்கம் உப்பிவிடும், வெடித்தாலும் ஆச்சரியம் இல்லை. முடிந்ததும் சோப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. கார்பன் ஸ்டீல் வயர் பிரஷ்ஷோ, எம்.எஸ். (சாதாரண இரும்பு) தேய்த்த கிரைண்டிங் வீலோ அலுமினியத்தில் படவே கூடாது. இரும்புத் துகள் தகட்டில் பதிந்துகொள்ளும், ஒவ்வொரு துகளும் ஒரு குழிக்கு விதை. எஸ்.எஸ். பிரஷ் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள், எம்.எஸ். வேலை செய்யும் பையன் கைக்கு அது போகக் கூடாது. ஒரே ஷெட்டில் இரண்டு வேலையும் நடக்கும் இடத்தில் இதுதான் பெரிய கஷ்டம்.

கோட்டை மேட்டுக்காரன்:
பழைய டேங்கையே மக்கு பூசி ஒட்டினால் ஒரு சீசன் ஓடாதா? மச்சானுக்குச் செலவு மிச்சம்.

பாய்லர் வெல்டர்:
ஓடும், அடுத்த புள்ளி ஓட்டையாகும் வரை. பட்டைக் கோடு முழுக்க உள்ளுக்குள் அரைக் கனத்தில் நிற்கிறது, கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் ஓட்டை. அப்புறம், இதைப் படித்துவிட்டு யாராவது பழைய டேங்கில் டார்ச் வைத்துவிடாதீர்கள். டீசல்தானே என்று நினைப்பார்கள். மூலையில் மிஞ்சிய டீசல் சூட்டில் ஆவியானால் காலி டேங்க் வெடிகுண்டுதான். நீராவியில் கழுவி, ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்பி, கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வெல்டரும் அதைத் தொடக் கூடாது.

குடியாத்தம் வேதியியல்:
கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். பெயிண்டைப் பற்றி.

பெயிண்ட் அலுமினியத்தில் ஒட்டாமல் உரிவதற்குப் பெரும்பாலும் பெயிண்ட் காரணம் இல்லை, அடியில் இருக்கும் எண்ணெயும் பழைய ஆக்சைடும்தான். வரிசை முக்கியம்: முதலில் சால்வென்ட் போட்டு எண்ணெயை எடுக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுவீர்கள். தேய்த்த அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், எட்ச் பிரைமரோ (தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் முதல் பூச்சு) அலுமினியத்துக்கான எபாக்சி பிரைமரோ ஏறிவிட வேண்டும். அதன் மேல் இரண்டு பாக எபாக்சி. கூர்மையான ஓரங்களை முதலில் உருட்டிவிடுங்கள், ஓரத்தில் பெயிண்ட் மெல்லியதாகத்தான் நிற்கும். செம்பு கலந்த அடிப்பாகப் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள்.

வாலாஜா ஸ்டீல்:
குரோமேட் ட்ரீட்மென்ட் செய்து பெயிண்ட் அடித்தால் அசைக்க முடியாது என்கிறார்களே? விமானத்துக்கெல்லாம் அதுதானே?

குடியாத்தம் வேதியியல்:
உண்மைதான், வேலை செய்யும். ஆனால் அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேடு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். சுற்றியுள்ள நிலத்தடி நீர் என்ன ஆனது என்பதை ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஒரு பட்டறையின் பின்பக்கத்தில் வாளியில் வைத்துச் செய்து சாக்கடையில் ஊற்றுகிற வேலை இல்லை இது.

தோல் பதனிடும் குரோமும் இதுவும் ஒன்று என்று சிலர் நினைக்கிறார்கள். தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறன் உப்பு, அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அலுமினியத்துக்கும் மூன்று இணைதிறன் குரோமியத்தில் ட்ரீட்மென்ட் வந்துவிட்டது. கோட்டிங் செய்பவரிடம் கொடுப்பதானால் அதைக் கேளுங்கள்.

துத்திப்பட்டு மெக்கானிக்:
எதிர்க்கருத்து. பெயிண்டே வேண்டாம். பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் இறங்கி, பெயிண்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். வெறும் தகடாக இருந்தால் வெள்ளைப் பொடி பூத்ததும் பார்த்துவிடலாம்.

காட்பாடி சீமேன்:
டேங்க் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கை நுழையும் இடத்தில் இருந்தால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். டெக்கை அறுத்தால்தான் பார்க்க முடியும் என்கிற டேங்குக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் வேண்டும். உள்ளே வேண்டவே வேண்டாம், உரிந்து வந்து ஃபில்டரை அடைக்கும்.

துத்திப்பட்டு மெக்கானிக்:
வெளிப்பக்கம் அடித்தாலும் கீறலைப் பார்க்கப் போவது யார்? என் கருத்து மாறவில்லை. விடுங்கள்.

சிப்காட் பட்டறை:
டேங்க் வாய்களைப் பற்றியும் கேட்க வேண்டும். பழைய டேங்கில் டீசல் எடுக்கும் குழாய் பித்தளை. அலுமினிய மரையில் நேராக முறுக்கி டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறார்கள். அந்த வாயைச் சுற்றியும் பொடி.

காட்பாடி சீமேன்:
பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்பு ஈரத்தில் அதோடு சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். டேப் காப்பாற்றாது, முறுக்கும்போது மரை அதைக் கிழித்து உலோகமும் உலோகமும் தொட்டுவிடும். வாய்களை அலுமினியத்திலேயே செய்து வெல்டு பண்ணிவிடுங்கள், அதில் ஏறும் ஃபிட்டிங் எஸ்.எஸ். 316 ஆக இருக்கட்டும். எஸ்.எஸ்.ஸும் அலுமினியத்துக்கு வேற்று உலோகம்தான், ஆனால் பரப்பு சின்னது. மரையில் சீலன்ட் போட்டு ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் நடைமுறையில் ஓடிவிடும். எல்லா வாயும் மேல் தட்டிலேயே இருக்கட்டும், அடியில் ஒன்றும் வேண்டாம். எர்த் வயர் இழுக்கும் காதையும் (வெளியே நீட்டும் சின்னத் துண்டு) தகட்டோடு வெல்டு பண்ணுங்கள். டேங்கில் இருக்கும் ஃபியூயல் கேஜ் சென்சாரின் வயர் தோல் உரிந்து அடிக்குழித் தண்ணீரில் கிடக்கிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி கரண்ட் டேங்க் வழியாகக் கசிந்தால் நாம் பேசியது எல்லாம் வீண், தகடு மளமளவென்று போகும்.

பங்க் அனுபவம்:
வாலாஜா பக்கம் பெட்ரோல் பங்கில் இருக்கிறேன். உள்ளே இருந்த கறுப்புச் சேறு பற்றி யாரும் பேசவில்லையே.

அது டீசலில் வளரும் பூஞ்சை. டேங்க் அடியில் தண்ணீர் இருந்தால் தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் வளரும். அது விடும் அமிலம் தகட்டைக் குழி போடும். தண்ணீர் இல்லையென்றால் பூஞ்சை இல்லை. பங்கில் டிப் ராடில் வாட்டர் பேஸ்ட் தடவி டேங்கில் விடுவோம், தண்ணீர் இருந்தால் நிறம் மாறும். விலை கம்மி, மச்சான் ஒரு ட்யூப் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

குடியாத்தம் வேதியியல்:
சரியாகச் சொன்னார். பூஞ்சையின் பெயர் ஹார்மோகோனிஸ் ரெசினே. ஜெட் விமானங்களின் அலுமினியத் தொட்டிகளில் பெரிய தொல்லை கொடுத்தது இதுதான். கொல்ல மருந்து இருக்கிறது, ஆனால் செத்த பூஞ்சை ஃபில்டரில் வந்து அடையும். தண்ணீரை எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றுவது வீண்.

பெட்ரோல் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிற்கும் படகில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

காட்பாடி சீமேன்:
தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பிடிக்க வேண்டும். படகு டேங்கில் பெரும்பாலும் இரண்டு வழி: டீசல் ஊற்றும் மூடியின் ஓ-ரிங், காற்றுக்குழாய். காற்றுக்குழாயின் வாய் படகின் பக்கவாட்டில் தாழ்வாக இருந்தால் அலை உள்ளே அடிக்கும். டெக் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் வளைத்து விடுங்கள்.

டீசல் படகு ஓடாத மாதங்களில் டேங்கை நிரப்பி வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது, பாதி காலியான டேங்கில் ராத்திரியும் பகலும் காற்று போய்வந்து ஈரம் இறங்கும். டைவிங் படகு மழைக்காலத்தில் நிற்கும், கதை அதேதான்.

சிப்காட் பட்டறை:
பழைய டேங்கைச் சுற்றி ஃபோம் ஊற்றியிருந்தது. எடுக்கும்போது பாதி ஃபோம் கையோடு வந்துவிட்டது, தண்ணீர் சொட்டியது. ஃபோம் இல்லாமல் விட்டால் டேங்க் ஆடாதா?

காட்பாடி சீமேன்:
ஃபோமைக் குறை சொல்வதா, ஊற்றிய விதத்தைக் குறை சொல்வதா என்பதில் படகு கட்டுபவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. உள்ளே நுண்ணறைகள் மூடியிருக்கும், அடர்த்தி அதிகமான பாலியூரித்தேன் ஃபோம், சுத்தமான பிரைமர் அடித்த தகட்டில் இறுகப் பிடித்தால் தண்ணீர் உள்ளே வராது. பெட்ரோல் டேங்கை மூடும் ஃபோமுக்கு அமெரிக்க விதி கன அடிக்கு 2 பவுண்டு அடர்த்தி கேட்கிறது, கன மீட்டருக்கு ஏறக்குறைய 32 கிலோ. ஒட்டும் பிடி ஃபோமின் பலத்தைவிட அதிகம் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு ஊற்றினால் சில வருடத்தில் ஃபோம் தகட்டை விட்டு விலகும், விலகிய இடைவெளி முழுக்கத் தண்ணீர்.

உங்கள் அளவு டேங்குக்கு ஃபோம் வேண்டாம் என்பது என் முடிவு. டேங்கின் காலில் காதுகளை வெல்டு பண்ணி ஃபைபர் தாங்கியில் போல்ட் போடுங்கள். ஆட்டமும் இல்லை, சுற்றிக் காற்றும் ஓடும்.

சிப்காட் பட்டறை:
சரி சார், ஃபோம் இல்லை. அலுமினியத் தகட்டில் 5083 ரகம் வாங்குவதா, 5052 வாங்குவதா? சென்னை செம்புதாஸ் தெருவில் விசாரித்தேன், 5052 உடனே கிடைக்கிறது. டேங்கின் ஒரு முனை எஞ்சின் அறைச் சுவரை ஒட்டி வருகிறது.

பாய்லர் வெல்டர்:
இரண்டுமே கடலுக்கு ஏற்றவை. 5083-இல் மெக்னீசியம் 4 சதவீதத்துக்கு மேல். மெக்னீசியம் 3 சதவீதம் தாண்டிய ரகங்கள் 65 டிகிரிக்கு மேல் நாள்பட இருந்தால் உள்ளமைப்பு மாறி, உலோகத்தின் நுண்மணிகளின் எல்லையில் அரிப்பு பிடிக்கும். 5052-இல் இரண்டரை சதவீதம் அளவுதான், அந்தப் பயம் இல்லை. எஞ்சின் சூடு படும் இடம் என்பதால் 5052 எடுங்கள், ஃபில்லர் கம்பியும் மெக்னீசியம் 3 சதவீதம் தாண்டாத 5554. மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு, தகட்டில் அடித்திருக்கும் ஹீட் நம்பரோடு (உருக்கிய தொகுதியின் எண்) ஒத்துப்பாருங்கள். பார்வைக்கு எல்லா அலுமினியமும் ஒன்றுதான்.

வெல்டு வெளிப்பக்கம் முழுத் தையலாகப் போகட்டும், இடைவெளி விட்ட தையல் வேண்டாம். உள்ளே வைக்கும் தடுப்புத் தகடுகளின் கீழ்மூலையை வெட்டி விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் தனித்தனியாகத் தங்கும். பழைய டேங்கின் அந்தக் கறுப்பு மூலையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும், முன்பு சொன்னபடி கழுவி, கேஸ் பார்த்த பிறகு அறுத்துப் பாருங்கள்.

சிப்காட் பட்டறை:
நீங்கள் சொன்னபடி கழுவி, கேஸ் பார்த்துவிட்டு, கட்டிங் பிளேடு போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு மெதுவாகத்தான் அறுத்தேன் அண்ணா. நீங்கள் சொன்னதேதான். தடுப்புத் தகடு அடிவரை ஒட்டியிருக்கிறது, தண்ணீர் போக ஓட்டையே இல்லை. குழிகள் அந்த அறையில் மட்டும்.

பாய்லர் வெல்டர்:
வெல்டு முடிந்ததும் சொல்லுங்கள், ஏர் டெஸ்டுக்கு நானே வருகிறேன். உங்கள் கம்ப்ரசர் கேஜில் 0.2 கிலோ என்பது முள் அசைவதற்குள் தாண்டிப்போகும். ஒரு கிலோ வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.